சுமப்பது செருப்பு, நடப்பதோ வெறுங்காலில்! தெரியுமா?

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள். அகஸ்தியர்பட்டியில் இருந்து காரையாறு போகும் பஸ். உட்கார இடமில்லை, நிற்கவும் இடமில்லை! ஒருத்தர் தலையில் அண்டா, இன்னொருத்தர் தோளில் சுருட்டின தார்ப்பாய், படிக்கட்டில் ஒரு மூட்டை விறகு. சன்னலோரம் ஒரு ஆச்சி. மடியில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். கட்டுச்சோறாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு கொண்டையூசி வளைவில் பஸ் குலுங்கியது, தாள் விலகியது. உள்ளே என்ன இருந்தது தெரியுமா?

ஒரு சோடித் தோல் செருப்பு! புத்தம் புதுசு! பதனிட்ட தோல் வாசனை கூடப் போகவில்லை! குனிந்து ஆச்சியின் காலைப் பார்த்தேன். வெறுங்கால்!

மலைக்கும் காட்டுக்கும் போகிறவர்கள் எதையெல்லாம் சுமக்கிறார்கள் என்று தேடும் கிறுக்கு அன்றைக்குப் பிடித்ததுதான். தேடத் தேட, கிடைத்தது ஒவ்வொன்றும் அம்மாடி ரகம்! கல் சுமக்கிறார்கள், ஊசி சுமக்கிறார்கள், பியானோ கூடச் சுமந்திருக்கிறார்கள்!

செருப்பு கேட்கும் சாமி எங்கே இருக்கிறார் தெரியுமா?

அம்பாசமுத்திரத்தில் இருந்து பாபநாசம். அங்கிருந்து மலை ஏறினால் முண்டந்துறைக் காடு. 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டதே, களக்காடு முண்டந்துறை, அதே காடுதான்! அதற்குள்ளே, ஆற்றங்கரையில், சொரிமுத்து அய்யனார் கோயில். அங்கே அய்யனாரோடு பட்டவராயரும் இருக்கிறார். அவருக்குப் பக்தர்கள் என்ன காணிக்கை கொடுக்கிறார்கள்? பொன்னா? பட்டா? செருப்பு!

ஏன் செருப்பு? அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பிற்பாடு பட்டவராயராகக் கும்பிடப்பட்ட முத்துப்பட்டன் பிராமண வீட்டுப் பிள்ளை. செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர் மேலும் ஆசை வைத்தான். பெண் கேட்டுப் போனபோது மாமனார் போட்ட நிபந்தனை என்ன தெரியுமா? குடுமியை அறு, பூணூலை அறு, எங்களைப் போலச் செருப்புத் தைத்துக் காட்டு! அவனும் செய்து காட்டினான்! கல்யாணம் முடிந்தது. மாடு களவாட வந்த கூட்டத்தோடு மல்லுக்கட்டியதில் முத்துப்பட்டன் மாண்டு போனான். பெண்டாட்டிகள் இருவரும் தீயில் இறங்கினார்கள். நெல்லைச் சீமையில் வில்லுப்பாட்டாக இன்றும் ஒலிக்கும் கதை இது.

ஆச்சரியம் இன்னும் தீரவில்லை! கோயிலில் கட்டித் தொங்கவிட்ட புதுச் செருப்பை அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால், அடி தேய்ந்திருக்குமாம்! சேறு ஒட்டியிருக்குமாம்! முள் கூடக் குத்தியிருக்குமாம்! ராத்திரியில் பட்டவராயர் மாட்டிக்கொண்டு காட்டைக் காவல் சுற்றுகிறார் என்பது நம்பிக்கை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. சோடி சோடியாகச் செருப்பு வந்துகொண்டே இருப்பது மட்டும் கண்ணால் பார்த்த உண்மை!

செருப்பு தொங்கும் மரம் அமெரிக்காவிலும் இருந்தது, தெரியுமா?

அப்பலாச்சியன் நெடும்பாதை! நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர்! 14 மாநிலங்கள்! கன்னியாகுமரியில் இருந்து நடந்து காஷ்மீர் எல்லையைத் தொடுகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நடந்தால் நீல் கேப் என்ற கணவாய். அங்கே ஒரு கடை. அந்தக் கடைக்கு வெளியே ஒரு மரம் இருந்தது. மரத்தில் காய்த்துத் தொங்கியது என்ன? பூட்ஸ்! கொத்துக் கொத்தாகப் பழைய பூட்ஸ்!

கால் வீங்கிப் போனவர்கள், பூட்ஸ் கடித்தவர்கள், "போதும்டா சாமி" என்று பாதியில் வீடு திரும்புகிறவர்கள் எல்லாம் கழற்றி எறிந்தவை அவை! நம்ம ஊரில் நேர்ந்துகொண்டு புதுசாகக் கட்டுகிறார்கள், அங்கே வெறுத்துப் போய்ப் பழசாக வீசினார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்!

அந்தக் கடையில் இன்னொரு வேடிக்கை தெரியுமா? உங்கள் முதுகுப் பையை வாங்கி, அப்படியே கவிழ்த்துக் கொட்டி, "இது வேண்டாம், இது வேண்டாம், இது எதுக்குய்யா?" என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பார்கள்! வேண்டாததை அங்கேயே பெட்டியில் கட்டி உங்கள் வீட்டுக்குப் பார்சலும் அனுப்பிவிடுவார்கள்! கல்யாண வீட்டுக்குப் போகும்போது எங்கள் வீட்டுப் பெட்டியையும் யாராவது இப்படிக் கவிழ்த்துக் காட்டினால் தேவலை.

பல் துலக்கும் பிரஷ்ஷை ஏன் இரண்டாக ஒடிக்கிறார்கள்?

எடை குறைக்க! ஆமாம், சத்தியமாக! நெடுநடைக்காரர்களில் ஒரு கூட்டம் உண்டு. சோறு தண்ணீர் நீங்கலாக மொத்த மூட்டையும் நாலரைக் கிலோவுக்குள் அடங்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு! அதற்காக பிரஷ் கைப்பிடியை ரம்பத்தால் அறுக்கிறார்கள், சட்டையில் தைத்த துணிச் சீட்டைக் கத்தரிக்கிறார்கள்! ஒரு கிராமா, இரண்டு கிராமா மிச்சம்? வேலமரத்துக் குச்சியை ஒடித்துப் பல் தேய்த்துவிட்டுத் தூர எறிந்த நம்ம தாத்தாவிடம் இதைச் சொன்னால் எப்படிச் சிரிப்பார்!

67 வயதுப் பாட்டி எதைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்?

எம்மா கேட்வுட்! 1955-ல் அதே அப்பலாச்சியன் பாதையைத் தனியாக, ஒரே பருவத்தில் நடந்து முடித்த முதல் பெண்! வயது 67! பெற்ற பிள்ளைகள் 11! கூடாரம் கிடையாது! தூங்கும் பை கிடையாது! காலில் பூட்ஸ் கிடையாது, சாதாரண கேன்வாஸ் ஷூதான்! தானே தைத்த துணிப்பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே ஒரு பட்டாளத்துப் போர்வை, ஒரு மழைக்கோட்டு. மழைக்கும் பனிக்கும் இன்னொன்று. அது என்ன தெரியுமா? குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை!

ஒரு தடவையோடு விட்டாரா? அந்த முழுப் பாதையையும் வாழ்நாளில் மூன்று முறை முடித்தார்! நம்ம பக்கத்து ஆச்சிகள் மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருச்செந்தூருக்கு நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது அவ்வளவு அதிசயமாகத் தோன்றாதோ என்னவோ! அம்பாசமுத்திரத்தில் இருந்து நெல்லை வழியாகத் திருச்செந்தூர் சுமார் 90 கிலோமீட்டர்!

வேண்டுமென்றே கல்லைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவார்களா?

ஏறுவார்கள்! அதுவும் நம்ம ஆட்களே!

சபரிமலைக்கு எருமேலியில் இருந்து பெரிய பாதையில் போயிருக்கிறீர்களா? சுமார் 45 கிலோமீட்டர் காட்டுவழி! தலையில் இருமுடி, கழுத்தில் மாலை, காலில் ஒன்றுமில்லை. வழியில் அழுதை நதி. முங்கிக் குளிக்கிறார்கள். குளித்து எழும்போது கையில் என்ன? ஆற்றுக்குள் இருந்து எடுத்த ஒரு கல்! அந்தக் கல்லோடு செங்குத்தான மேட்டில் மூச்சு வாங்க ஏறுகிறார்கள். மேலே கல்லிடும் குன்று. அங்கே போட்டுவிட்டு நடையைக் கட்டுகிறார்கள்! மகிஷி என்ற அரக்கியின் உடல் எழாமல் இருக்க ஐயப்பன் காலத்தில் கல் போட்டு அமுக்கியது என்பது ஐதீகம். அன்றைக்குத் தொடங்கிய கல், இன்றைக்கும் விழுந்துகொண்டே இருக்கிறது! எத்தனை லட்சம் கல் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறதா?

இப்போது ஸ்பெயினுக்கு வாருங்கள்! சாந்தியாகோ யாத்திரை! பிரெஞ்சுப் பாதை என்று பேர்பெற்ற அந்த வழி மட்டும் 800 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஒரு நெட்டைக் கம்பம், உச்சியில் இரும்புச் சிலுவை. கம்பத்தைச் சுற்றி ஒரு குன்று. குன்று எதனால் ஆனது? யாத்திரீகர்கள் தங்கள் வீட்டில் இருந்து சுமந்து வந்து போட்ட கற்களால்! அமெரிக்காவில் இருந்து, கொரியாவில் இருந்து எல்லாம் விமானம் ஏறி வருகிறது கல்! விமானத்தில் சுமைக்குக் கிலோ கணக்கில் காசு வாங்கும் இந்தக் காலத்தில்!

அழுதைக் கரை ஐயப்பமாருக்கு ஸ்பெயின் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஸ்பெயின்காரருக்கு அழுதை தெரியாது. கல் மட்டும் ஒன்றாகவே விழுகிறது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் புல்லரிக்கிறது!

தேங்காய்க்குள் நெய்! எப்படிப் போனது?

இருமுடி என்று பேச்சு வந்தாகிவிட்டது, அந்தத் தேங்காயைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போமா? முதலில் நாரை ஒரு பிசிறு இல்லாமல் சுரண்டி, ஓட்டை வழவழப்பாக்குவார்கள். மூன்று கண்ணில் ஒன்றைத் துளைப்பார்கள். உள்ளே இருக்கும் தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் வடிப்பார்கள். உருக்கிய பசுநெய்யை ஒரு சிறு புனலில் மெல்ல மெல்ல ஊற்றுவார்கள். சரணம் முழங்கிக்கொண்டே இருக்கும். நிரம்பியதும் கார்க் வைத்து அழுத்தி அடைப்பார்கள். அது தலையில் ஏறிவிட்டால் கரிமலை ஏற்றம், கரிமலை இறக்கம், நீலிமலை என்று எல்லாம் கூடவே வரும்! சன்னிதானத்தில் போய் உடைத்தால், குளிரில் உறைந்த நெய் அப்படியே உருண்டையாக நிற்கும்! நெய் அபிஷேகத்துக்கு, ஓடு நெருப்புக்கு!

சரி, இருமுடியில் இருந்து எதை எடுத்துவிடச் சொன்னார்கள் தெரியுமா? 2024-ல் மண்டல காலம் தொடங்கும் முன், கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் மூன்றும் வேண்டாம் என்று சபரிமலைத் தந்திரியே கேட்டுக்கொண்டார்! சன்னிதானத்தில் அவை பயன்படுவதே இல்லை, குப்பையாகத்தான் போகின்றன என்பது காரணம். அப்படியானால் அத்தனை வருஷம் அத்தனை பேர் தலையில் மலையேறிய கற்பூரம்? சும்மாதான் ஏறியிருக்கிறது!

ஊசியும் நூலும் மறக்காமல் எடுத்தாச்சா?

இலங்கையில் சிவனொளிபாத மலை ஏறுகிறவர்களிடம் இதைக் கேட்கலாம்! உயரம் 2,243 மீட்டர்! ஐந்தாயிரத்துக்கும் மேல் படிகள்! ஏறுகிற வழியில் ஓர் இடம் உண்டு, சிங்களத்தில் அதன் பெயரிலேயே ஊசி இருக்கிறது. புத்தர் கிழிந்த தன் சீவரத்தைத் தைக்க அங்கே நின்றாராம். அதனால் போகிறவர்கள் எல்லாரும் நூல் கோத்த ஊசியை அங்கே குத்திவிட்டுப் போகிறார்கள்! வெள்ளை நூல் சிலந்தி வலை போலப் படர்ந்து கிடக்கும்!

உச்சியில் ஒரு மணி. எத்தனையாவது தடவையாக ஏறியிருக்கிறீர்களோ அத்தனை தடவை அடிக்கலாம். முதல் தடவைக்காரருக்கு ஒரே ஒரு டண்! பழம் தின்று கொட்டை போட்ட கிழவர் வந்தால்? கூட்டமே வாயை மூடிக்கொண்டு எண்ணும்!

இந்தப் பட்டியலிலேயே எடை குறைவான சுமை இந்த ஊசிதான். பிரஷ் ஒடிக்கிறவர்கள் கூட ஒத்துக்கொள்வார்கள்.

பொதிகை உச்சிக்கு எதைத் தூக்கிக்கொண்டு போனார்கள் தெரியுமா?

நம்ம தாமிரபரணி பிறக்கும் மலை! அகத்தியர் இருப்பதாகத் தமிழர் நம்பும் மலை! உயரம் 1,868 மீட்டர்! இன்றைக்கு அங்கே ஏறுகிறவர்கள் பெரும்பாலும் கேரளப் பக்கம் போனக்காட்டில் இருந்து, வனத்துறை அனுமதியோடு போகிறார்கள். பிளாஸ்டிக்குக்குத் தடை, மதுவுக்குத் தடை, பூஜைப் பொருட்களுக்குக் கூடத் தடை! சாமி பார்க்கப் போகும் மலையில் பூஜைச் சாமான் கூடாது! காடு குப்பையாகக் கூடாது என்றால் வேறு வழியில்லை.

ஆனால் 170 வருஷத்துக்கு முன் அந்த மலைக்குப் போன சுமை எது? ஒரு முழு ஆய்வுக்கூடம்! திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தின் இயக்குநர் ஜான் ஆலன் பிரௌன், 1855-ல் அகத்தியமலை உச்சியில் ஒரு கூடம் கட்டினார்! கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில் பூமியின் காந்தம் காட்டும் ஏற்ற இறக்கமும், 6,000 அடிக்கு மேலே காட்டும் ஏற்ற இறக்கமும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும் அவருக்கு! ரோடு கிடையாது, ரோப் கார் கிடையாது. யானைக்காடு, அட்டைக்காடு! காந்தமானி, வெப்பமானி, பாரமானி எல்லாம் மனிதத் தோளிலும் தலையிலும் ஏறின! கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஆடிக்கொண்டே வந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது!

அரை டன் பெட்டி கோபுரத்தில் ஏறினால்?

விழும்! விழுந்தது! எங்கே தெரியுமா? தஞ்சைப் பெரிய கோயிலில்!

1802-ல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளக்கக் கிளம்பினார் வில்லியம் லாம்ப்டன். அவர் கூடவே வந்தது கோணம் அளக்கும் ஒரு பெரிய கருவி, தியோடலைட். எடை அரை டன்! ஒரு நல்ல எருமை மாட்டின் எடை! வயல் வரப்பு, ஆறு, குன்று எல்லாவற்றிலும் அதைச் சுமந்தார்கள். தஞ்சாவூர் வட்டாரம் சமதளம், குன்றே இல்லை, தூரத்துப் புள்ளியைப் பார்க்க உயரம் வேண்டும். என்ன செய்வது? 1808-ல் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு விட்டுப்போனது! கருவி சுவரில் மோதி நசுங்கியது! லண்டனில் இருந்து வேறு வரவழைக்க வருஷக்கணக்காகும். லாம்ப்டன் என்ன செய்தார்? கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தார், கருவியை அக்கு அக்காகக் கழற்றினார், நெளிந்த வளையத்தை இம்மி இம்மியாக இழுத்துச் சரிசெய்தார். ஆறு வாரம்! அதே கருவியோடு மறுபடியும் அளக்கக் கிளம்பிவிட்டார்!

மூட்டை தூக்கினவர் களைத்தார், பழம் தின்றவர் நடந்தார்!

1987, டிசம்பர். அதே அகத்தியமலைக் காடு, கேரளப் பக்கம். தாவரம் தேடிப் போனது ஓர் ஆராய்ச்சிக் குழு. வழிகாட்டியவர்கள் காணிக்காரர்கள். நம்ம பக்கம் காரையாறு, இஞ்சிக்குழியில் இருக்கிறார்களே, அதே காணி மக்கள்தான். விஞ்ஞானிகளுக்கு நாக்குத் தள்ளுகிறது! காணிக்காரர்களோ அலுப்பே இல்லாமல் நடக்கிறார்கள்! எப்படி? கையில் ஏதோ ஒரு சின்னப் பழத்தை வைத்து, அவ்வப்போது மென்றுகொண்டே வந்தார்கள்! கேட்டால் முதலில் வாயைத் திறக்கவில்லை. விடாமல் கேட்ட பிறகுதான் செடியைக் காட்டினார்கள்.

ஆரோக்கியப்பச்சை! அந்தச் செடியில் இருந்துதான் "ஜீவனி" என்ற மருந்து பிறந்தது! அதில் வந்த பணத்தில் காணிகளுக்கும் ஒரு பங்கு போனது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த கதை என்று உலகமே இதைப் பேசியது! உலகம் பேசிய கண்டுபிடிப்பு, ஒரு வழிகாட்டியின் உள்ளங்கைக்குள் இருந்தது! கிலோ கணக்கில் பிஸ்கட் சுமந்தவர்கள் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.

மூக்குப்பொடி யாருக்கு?

மூக்குக்கு அல்ல, அட்டைக்கு! மாஞ்சோலைப் பக்கம் மழைக்காலத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும். இலை நுனியில் நூல் மாதிரி நிமிர்ந்து நின்று மோப்பம் பிடிக்கும்! காலில் ஏறியது தெரியாது, கடித்தது தெரியாது, சாக்ஸ் சிவந்தால்தான் தெரியும்! அதனால் பையில் என்ன இருக்கும்? மூக்குப்பொடி டப்பி, புகையிலைத் துண்டு, துணியில் கட்டிய கல் உப்பு! உப்புக் கிழியை ஒரு குச்சி நுனியில் கட்டி அட்டை மேல் வைத்தால் போதும், சுருண்டு விழுந்துவிடும்! பையில் இந்த டப்பியைப் பார்த்த வெளியூர்க்காரரிடம், "இந்த வயசிலேயே பழக்கமா?" என்று திட்டு வாங்கின பையன்களும் உண்டு.

பட்டு போல மடிகிற பாய்!

நெடுநடைக்காரர்கள் சுருட்டி எடுத்துப்போக ஒரு பாய்க்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். அம்பாசமுத்திரத்தில் இருந்து நெல்லை போகும் வழியில், சேரன்மகாதேவிக்கு அடுத்தாற்போல் இருக்கும் ஊர் எது? பத்தமடை! தாமிரபரணிக் கரைக் கோரையை ஆற்று நீரில் ஊறப்போட்டு, இழை இழையாகக் கிழித்து நெய்கிற நயம் பாய் துணி மாதிரி மடியும்! 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இந்த ஊர்ப் பாய் போனதாகப் பத்தமடையில் பெருமையாகச் சொல்வார்கள். 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது! இத்தனை மெல்லிய பாயை யாராவது காட்டுக்கு எடுத்துப் போய்ப் படுத்தார்களா? கல்யாணச் சீருக்கு வாங்கி பீரோவில் பூட்டி வைக்கிறார்கள்!

உயிர் போகும்போதும் விடாத சுமை!

இது கொஞ்சம் கனமான கதை. 1912. தென்துருவம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது ராபர்ட் ஸ்காட்டின் குழு. பசி, பனிக்கடி, புயல். உணவுக் கிடங்குக்கு இன்னும் சுமார் 18 கிலோமீட்டர்தான். அதற்குள், மிஞ்சியவர்கள் கூடாரத்திலேயே உறைந்து போனார்கள். சில மாதங்கள் கழித்துத் தேடி வந்தவர்கள் பனிச்சறுக்கு வண்டியைப் பார்த்தார்கள். அதில் என்ன? 16 கிலோ கல்! நம்ம வீட்டு கேஸ் சிலிண்டருக்குள் இருக்கும் கேஸே 14.2 கிலோதான்! சாகும் நிலையிலும் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்!

வீண் சுமை என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். அந்தக் கல்லில் குளோசாப்டெரிஸ் என்ற தொல்செடியின் இலைப் புதைபடிவம் இருந்தது! அதே செடியின் படிவம் வேறு எங்கே கிடைக்கிறது தெரியுமா? நம்ம ஜார்க்கண்ட் நிலக்கரிப் படுகையில்! அண்டார்டிகாவும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலம் என்பதற்குச் சாட்சியாக நின்றது அந்தக் கல்!

இதற்கு நேர் எதிர், பிராங்க்ளின் குழு. 1845-ல் ஆர்க்டிக் போன இரண்டு கப்பல்கள், 129 பேர், ஒருவரும் திரும்பவில்லை. 1859-ல் பனிவெளியில் ஒரு படகு கிடைத்தது. சறுக்குச் சட்டத்தில் ஏற்றி மனிதர்களே இழுத்த படகு! உள்ளே இரண்டு எலும்புக்கூடுகள். கூடவே பட்டுக் கைக்குட்டை, வாசனை சோப்பு, சீப்பு, வெள்ளிக் கரண்டி, முள்கரண்டி, ஆங்கில நாவல்! தின்பதற்கு? தேயிலையும் சாக்லேட்டும் மட்டும்!

பியானோ ஏறிய மலை எது?

ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ்! பிரிட்டனிலேயே உயரமான மலை, 1,345 மீட்டர்! 2006-ல் குப்பை பொறுக்கப் போன தன்னார்வலர்கள் உச்சியருகே கற்குவியலைக் கிளறினார்கள். வந்தது என்ன? பியானோ! ஊரெல்லாம் பேச்சு! "அது பியானோ இல்லை, 1971-ல் தர்மக் காரியத்துக்காக நான் முதுகில் தூக்கிப்போன ஆர்கன்" என்று ஒரு மரவெட்டி சொன்னார். ஒற்றை ஆளாக!

இன்னொருவர் 1997-ல் அயர்லாந்தைச் சுற்றி வந்தார், 100 பவுண்டு பந்தயத்துக்காக, கையில் ஒரு பிரிட்ஜோடு! டோனி ஹாக்ஸ் என்ற நகைச்சுவைக்காரர். வழியெல்லாம் கைகாட்டி வண்டி ஏறித்தான் போனார். பந்தயத்தில் ஜெயித்துப் புத்தகமும் எழுதிவிட்டார்.

எவரெஸ்டில் முதலில் வைத்த பொருள்?

1953, மே 29. உச்சியில் டென்சிங் பனியைத் தோண்டிப் புதைத்தது என்ன தெரியுமா? கொஞ்சம் மிட்டாய், பிஸ்கட், ஒரு பென்சில்! அவருடைய சின்ன மகள் கொடுத்தனுப்பிய பென்சில்! 8,848 மீட்டருக்கு ஒரு பென்சிலைச் சுமந்திருக்கிறார் அந்த அப்பா!

ராஜா உடுப்பு காட்டுக்குப் போன கதை!

மறுபடி சொரிமுத்து அய்யனாரிடம் வருவோம். கோயிலோடு சிங்கம்பட்டி ஜமீனுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்பு. 1929-ல் 8,373 ஏக்கர் காட்டை பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்ட ஜமீன் அது! அந்தக் குத்தகையில்தான் மாஞ்சோலைத் தேயிலை முளைத்தது. ஆடி அமாவாசை அன்று, சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி ராஜ உடையில் கோயிலில் வீற்றிருந்து மக்களுக்குக் காட்சி கொடுப்பார்! தலைப்பாகை, ஜரிகை அங்கி, வாள்! சுற்றிலும் புலிக்காடு! ஜமீன் ஒழிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் இந்த வழக்கம் நின்றுபோகவில்லை. 2020 மே மாதம் அவர் காலமானார்.

ஆற்றில் விட்டு வரும் சுமை

இதை எழுதும்போது ஆச்சரியக்குறி போடக் கை வரவில்லை. பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியைத் தாமிரபரணியில் அவிழ்த்து விட்டு வருகிறார்கள். விடுவதற்கென்றே பழைய துணி கட்டி வருகிறவர்களும் உண்டு. ஆற்றுக்குள் இருந்து தன்னார்வலர்கள் வாரி எடுத்த துணி டன் கணக்கில். பொதிகையில் பிறந்து, புன்னைக்காயலில் கடலில் விழும் வரை நம்ம மாநிலத்துக்குள்ளேயே 128 கிலோமீட்டர் ஓடும் ஆறு. செருப்பைக் கோயிலில் கட்டுகிறவர் யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. இந்தத் துணி மீனுக்கும், நீர்நாய்க்கும், கீழே குடிக்கிற நமக்கும் தொந்தரவு.

சரி, அந்தப் பஸ் ஆச்சிக்கு என்ன ஆச்சு தெரியுமா?

அமாவாசை முடிந்து மறுநாள் திரும்பும் பஸ்ஸிலும் அவரே! அதே சன்னலோரம்! மடி காலி. கால் அதே வெறுங்கால்தான், பித்தவெடிப்பில் செம்மண் ஏறியிருந்தது. கேட்டே விட்டேன்.

"ஆச்சி, அவ்வளவு ரூவா குடுத்து அவருக்கு வாங்குனியளே, ஒங்களுக்கும் ஒரு சோடி வாங்கியிருக்கலாம்லா?"

ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்கு எதுக்குய்யா? நா வீட்டுக்குத்தான போறேன். அவருல்லா ராத்திரி பூரா காட்டச் சுத்தணும்!"